தட்டைப் படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி: படமெடுப்பது முதல் அச்சிடுவது வரை

ஒரு பொருளைச் சுற்றிவந்து எடுத்த எழுபது எண்பது படங்கள் இருந்தால், அதன் முப்பரிமாண மாதிரியைக் கணினியிலேயே உருவாக்கிவிடலாம். லேசர் ஸ்கேனர் தேவையில்லை. கையிலிருக்கும் கேமராவோ போனோ போதும். போட்டோகிராமெட்ரி எனப்படும் இந்த முறை பழையது. 1858-இல் ஜெர்மனியின் வெட்ஸ்லர் தேவாலயத்தை அளக்க உயரத்தில் ஏறிய ஆல்பிரெக்ட் மைடன்பவர் என்ற கட்டடக்கலைஞர் மயிரிழையில் விழாமல் தப்பினார். ஏறாமலே, படங்களை வைத்து அளக்கும் வழியை அதற்குப் பிறகு அவர் உருவாக்கினார். அன்று கையால் போட்ட கணக்கை இன்று இலவச மென்பொருள் போடுகிறது. ஆனால் படங்கள் சரியாக இருந்தால்தான் அந்தக் கணக்கு தேறும்.

மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் தனித்துத் தெரியும் சிறு இடங்களைத் தேடுகிறது: ஒரு கீறல், ஒரு கறை, செதுக்கலின் ஒரு மூலை. அதே இடத்தை மற்றப் படங்களிலும் கண்டுபிடித்து, படத்துக்குப் படம் அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்க்கிறது. அந்த நகர்விலிருந்து, ஒவ்வொரு படத்தையும் எடுத்தபோது கேமரா எங்கே இருந்தது, அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் ஒரே சமயத்தில் கணக்கிடுகிறது. ஆகவே நாம் காப்பாற்றவேண்டிய நிபந்தனைகள் மூன்று. புள்ளிகள் இருக்கவேண்டும். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் அவை ஏறக்குறைய ஒரேமாதிரி தெரியவேண்டும். படமெடுத்து முடியும்வரை அவை இடம் மாறக்கூடாது. இந்த வேலையில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இவற்றில் ஏதோ ஒன்று மீறப்பட்டதால் வருபவை.

எந்தப் பொருளில் தொடங்குவது

சொரசொரப்பான கல், மரச்செதுக்கல், சுடுமண், துருப்பிடித்த இரும்பு, பழைய தோல் செருப்பு ஆகியவை எளிது. முதல் முயற்சிக்கு, கையளவிலிருந்து தலையளவு வரையிலான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர், கண்ணாடி, வழுவழுப்பான வெள்ளைப் பீங்கான், பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக், முடி, மெல்லிய இலைகள் போன்றவற்றை இப்போதைக்குத் தவிருங்கள்.

பளபளப்பு ஏன் கெடுக்கிறது? நாம் நகர நகர மினுக்கமும் பரப்பின் மேல் நகர்கிறது. மென்பொருள் அதையும் ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டு, இல்லாத ஆழத்தில் ஒரு பரப்பை வரைந்துவிடும். வெறும் வெள்ளைப் பரப்பிலோ பிடித்துக்கொள்ளப் புள்ளியே இல்லை. மதிப்பில்லாத, துடைத்தால் சுத்தமாகிவிடும் பொருளென்றால், டால்கம் பவுடரை மென்தூரிகையால் மெல்லத் தட்டிவிடுவது நல்ல வைத்தியம். தானே ஆவியாகிவிடும் ஸ்கேனிங் ஸ்ப்ரேக்களும் உண்டு. காற்றோட்டமான இடத்தில் முகக்கவசத்தோடு அடிக்கவேண்டும். பொருளைத் தொடவே கூடாது என்றால், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர்தான் வழி: விளக்கின் முன் போலரைசிங் ஃபிலிம், லென்ஸில் போலரைசர் ஃபில்டர். மினுக்கம் மறையும்வரை ஃபில்டரைத் திருப்புங்கள். ஒளி வெகுவாகக் குறையும் என்பதால் டிரைபாட் கட்டாயம். மெருகேற்றிய உலோகத்துக்கு இதனால் அதிகப் பயன் இல்லை. உலோகத்தில் நாம் பார்ப்பதே பிரதிபலிப்பைத்தான். அதை நீக்கினால் பொருள் கறுத்துப்போகும்.

வெளிச்சமும் மேடையும்

நிழல் விழாத, எல்லாப் பக்கமும் பரவிய வெளிச்சம் வேண்டும். மேகமூட்டமான பகல் இதற்கு அருமையானது. வீட்டுக்குள் என்றால், பொருளின் இருபுறமும் இரண்டு விளக்குகளை வைத்து, அவற்றின் முன் வெள்ளைத் துணியோ டிரேசிங் பேப்பரோ தொங்கவிடலாம். சூடாகும் விளக்கென்றால் தள்ளி. கேமராவின் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்: கேமராவோடு நிழலும் நகரும், நகரும் நிழல் பொய்ப் புள்ளி. நேர் வெயிலில் எடுத்தால் நிழல் மாதிரியின் நிறத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்க முடியாது.

அடுத்து ஒரு முடிவு எடுக்கவேண்டும். பொருள் அசையாமல் இருக்க நாம் சுற்றிவருவதா, கேமராவை நிறுத்திவிட்டுப் பொருளைச் சுழல்மேடையில் திருப்புவதா? இரண்டுக்கும் பின்னணி விதி நேரெதிர். நாம் சுற்றிவந்தால், பொருளின் கீழே அச்சடித்த செய்தித்தாள் போன்ற ‘இரைச்சலான’ விரிப்பு இருப்பது நல்லது. பொருளில் புள்ளிகள் குறைந்தாலும் விரிப்பு கேமராவின் இடத்தைப் பிடித்துக்கொடுக்கும். சுழல்மேடையில் பின்னணி வெறுமையாக இருக்கவேண்டும். பொருள் திரும்பும்போது பின்னாலுள்ள சுவர்க் காலண்டர் அசையாமல் நின்றால், மென்பொருள் காலண்டரை நம்பி, கேமரா நகரவே இல்லை என்று முடிவுகட்டிவிடும். வெளிச்சம் படாத கறுப்புத் துணியைப் பின்னால் தள்ளித் தொங்கவிடுங்கள். மேடையின் மேலேயே செய்தித்தாள் ஒட்டலாம். அது பொருளோடு சேர்ந்து சுழல்வதால் பிரச்சினை இல்லை.

தொடங்குபவர்களுக்குச் சுற்றிவரும் முறையே நல்லது. பொருளைச் சுற்றி நடக்க இடம் வரும்படி ஸ்டூலின் மேல் வையுங்கள்.

கேமரா அமைப்பு

எல்லாவற்றையும் மேனுவலில் பூட்டுங்கள்: ஷட்டர் (ஒளி விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை). எக்ஸ்போஷர் படத்துக்குப் படம் மாறினால் மாதிரியின் மேல் நிறத்திட்டுகள் வரும். ஐஎஸ்ஓ 100 முதல் 400 வரை. அப்பர்ச்சர் எஃப்/8 முதல் எஃப்/11 வரை; பொருளின் முன்பக்கமும் பின்பக்கமும் தெளிவாக விழ இது தேவை. எஃப்/16-ஐத் தாண்டினால், சிறிய திறப்பின் விளிம்பில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுவதுமே மெல்ல மங்கத் தொடங்கும். கையில் பிடித்து எடுத்தால் ஷட்டர் 1/125 நொடியோ அதைவிட வேகமாகவோ இருக்கவேண்டும். வெளிச்சம் போதவில்லையென்றால் ஐஎஸ்ஓவை ஏற்றுவதைவிட டிரைபாட் வைப்பதே மேல். ஜூம் லென்ஸ் என்றால் ஒரு குவிய நீளத்தில் நிறுத்தி, வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

போனில் எடுக்கும்போது கவனிக்கவேண்டியது கொஞ்சம் கூடுதல். முதன்மை லென்ஸை மட்டும், 1 எக்ஸ் அளவில் பயன்படுத்துங்கள். பல போன்கள் பொருளை நெருங்கியதும் சொல்லாமலே அல்ட்ராவைட் லென்ஸுக்கு மாறிவிடும். ‘ஆட்டோ மேக்ரோ’ என்ற அமைப்பை அணையுங்கள். போர்ட்ரெய்ட், நைட் மோட், பியூட்டி ஃபில்டர் எதுவும் கூடாது. திரையை அழுத்திப்பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள். தூரம் மாறும்போது மட்டும் மறுபடி பூட்டினால் போதும்.

எவ்வளவு நுணுக்கம் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்க்கலாம். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் சுமார் 6000 பிக்சல் அகலம். 20 செ.மீ. பொருள் அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 4000 பிக்சலை நிரப்பினால், ஒரு பிக்சலுக்கு 0.05 மி.மீ. நடைமுறையில் இரண்டு மூன்று பிக்சலுக்குக் குறைவான விவரம் மாதிரியில் வராது, எனவே 0.1 முதல் 0.15 மி.மீ. வரையிலான கீறலை எதிர்பார்க்கலாம். பொருள் படத்தின் கால்வாசியைக்கூட நிரப்பாமல் எடுத்துவிட்டு மென்பொருளில் தரத்தை ‘அல்ட்ரா’ என்று வைப்பதில் பயனே இல்லை.

சுற்று எடுப்பது

பொருளைச் சுற்றி மூன்று வளையங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, பொருளின் நடுவுயரத்துக்குச் சற்று மேலிருந்து, 10 முதல் 15 பாகை கீழ்நோக்கி. இரண்டாவது 40 முதல் 45 பாகை. மூன்றாவது 65 முதல் 70 பாகை. ஒவ்வொரு வளையத்திலும் 15 பாகைக்கு ஒரு படம் என்றால் 24 படம், மூன்றுக்கும் 72. பொருளில் மடிப்பும் குடைவும் அதிகமென்றால் 10 பாகைக்கு ஒன்றாக 36 எடுங்கள். உச்சியிலிருந்து நான்கைந்து. அடுத்தடுத்த படங்களில் 70, 80 சதவீதம் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தவேண்டும்.

ஒரே இடத்தில் நின்று கேமராவை மட்டும் திருப்பக்கூடாது. அது பனோரமாவுக்கான முறை. கேமரா நகராமல் ஆழத்தைக் கணக்கிட வழியே இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் காலை எடுத்து வையுங்கள்.

செதுக்கலின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுக்க வேண்டுமானால் படிப்படியாக நெருங்குங்கள். 60 செ.மீ. தூரத்திலிருந்து சட்டென்று 15-க்குப் போனால் அந்த நெருக்கப் படங்கள் மற்றவற்றோடு சேராமல் அநாதையாக நிற்கும். 60, 45, 30, 20, 15 என்று வழியில் ஒன்றிரண்டு படம் எடுத்துக்கொண்டே போனால் சேர்ந்துவிடும். வளையம் விட்டு வளையம் மாறும்போதும் இதே சங்கிலி அறுந்துபோக வாய்ப்புண்டு. இடையில் இரண்டு மூன்று இணைப்புப் படங்கள் எடுத்துவைத்தால் நிம்மதி.

அடிப்பாகமும் வேண்டுமென்றால் பொருளைக் கவிழ்த்து இன்னொரு சுற்று எடுக்கவேண்டும். அப்போது விரிப்பு எதிரியாகிவிடும். வெறும் பின்னணி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் படங்களில் பின்னணியை மாஸ்க் செய்து மறையுங்கள்.

வீடியோ எடுத்து ஃபிரேம்களைப் பிரித்தெடுக்கும் சுலப வழி பலருக்கும் பிடிக்கும். செய்யலாம், ஆனால் தரம் இறங்கும். 4கே ஃபிரேம் ஒன்று சுமார் 8 மெகாபிக்சல்தான். அசைவு மங்கலும் இருக்கும், லென்ஸ் பற்றிய தகவலும் கோப்பில் இருக்காது. வேறு வழியில்லாதபோது மெதுவாக நடந்து எடுத்து, நொடிக்கு இரண்டு ஃபிரேம் பிரித்துக்கொள்ளுங்கள்.

கணினிக்கு மாற்றுதல்

படங்களை கேபிள் வழியே மாற்றுங்கள். வாட்ஸப்பில் புகைப்படமாக அனுப்பினால் அளவும் சுருங்கும், குவிய நீளம் முதலாக, கேமரா படக்கோப்பில் பதிந்துவைக்கும் எக்ஸிஃப் தகவல்களும் போய்விடும். மென்பொருள் கணக்கைத் தொடங்குவதே அந்தத் தகவலை வைத்துத்தான். படங்களை வெட்டாதீர்கள், ஷார்ப்பன் செய்யாதீர்கள், லென்ஸ் வளைவைத் திருத்தாதீர்கள். வளைவை மென்பொருள் தானே கணக்கிடும். ரா கோப்பென்றால் (கேமரா பதப்படுத்தாமல் தரும் கோப்பு) எல்லாவற்றையும் ஒரே அமைப்பில் மாற்றுங்கள்.

பிறகு ஒவ்வொரு படத்தையும் 100 சதவீதப் பெரிதாக்கலில் பாருங்கள். மங்கலானதைத் தயங்காமல் நீக்குங்கள். எண்பதில் ஐந்து போனால் நஷ்டமில்லை.

மெஷ்ரூமில் ஓட்டுதல்

இலவச மென்பொருள்களில் மெஷ்ரூம் தொடங்க ஏற்றது. ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டும் ஆழப்படத்தைக் கணிக்க அதற்கு என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். 16 ஜிபி ரேம் இருந்தால் சமாளிக்கலாம், 32 இருந்தால் நல்லது. கார்டு இல்லாதவர்கள் ‘டிராஃப்ட் மெஷிங்’ வழியில் கரடுமுரடான மாதிரி எடுக்கலாம்.

முதலில் புராஜெக்டைச் சேமியுங்கள். இடைக்கோப்புகள் புராஜெக்ட் இருக்கும் இடத்திலேயே குவியும், பல ஜிபி ஆகும். காலி இடமுள்ள டிரைவில் வையுங்கள். படங்களை இடப்பக்கப் பெட்டிக்குள் இழுத்துவிடுங்கள். இப்போது ‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்திவிட்டுப் போகத் தோன்றும். வேண்டாம். ‘ஸ்ட்ரக்சர் ஃப்ரம் மோஷன்’ என்ற கட்டத்தை வலது சொடுக்கி அதுவரை மட்டும் ஓட்டுங்கள். இது சீக்கிரம் முடியும். முடிந்ததும் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் கேமரா சின்னம் பச்சையா சிவப்பா என்று தெரியும்; பச்சை என்றால் சேர்ந்துவிட்டது. முப்பரிமாணக் காட்சியில் கேமராக்கள் பொருளைச் சுற்றி நீங்கள் நடந்த அதே வளையங்களாக நிற்கவேண்டும். வளையம் பாதியில் உடைந்திருந்தால் இங்கேயே நிறுத்தி, படங்களைச் சரிசெய்யுங்கள். அடுத்து வரும் மணிக்கணக்கான வேலை இந்தக் கட்டத்தின் பிழையைத் திருத்தாது.

சிவப்பு அதிகமிருந்தால், புள்ளிகளைத் தேடும் ‘ஃபீச்சர் எக்ஸ்டிராக்ஷன்’ கட்டத்தில் ‘டிஸ்கிரைபர் பிரீசெட்’டை ‘ஹை’ ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். ‘அகாசே’ என்ற இன்னொரு புள்ளி வகையையும் சேர்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் இடையில் படங்கள் போதவில்லை என்று பொருள்.

வளையங்கள் சரியென்றால் மீதியை ஓட்டவிடுங்கள்: ஆழப்படம், மெஷ் (சிறு முகங்களால் ஆன வலைப்பரப்பு), டெக்ஸ்சர் (அதன் மேல் போர்த்தும் நிறப்படம்). ‘டெப்த்மேப்’ கட்டத்தின் ‘டவுன்ஸ்கேல்’ 2-இல் இருக்கும், அப்படியே விடுங்கள். 1 ஆக்கினால் நேரம் பல மடங்கு கூடும், கூடவே பரப்பில் பொய்யான மேடுபள்ளமும் கூடலாம்.

தவறு தெரியும் விதமும் காரணமும்

பரப்பு ஆரஞ்சுத் தோல்போல மேடுபள்ளமாக வந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம்: ஐஎஸ்ஓ அதிகம், ஃபோகஸ் ஆழம் போதவில்லை, அல்லது பொருள் லேசாகப் பளபளக்கிறது. முதல் இரண்டு என்றால் மேடுபள்ளம் பரவலாக இருக்கும். மினுக்கம் விழுந்த இடங்களில் மட்டும் குழி விழுந்திருந்தால் மூன்றாவது.

பொருள் இரட்டையாக, சற்று விலகி ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால், நடுவில் பொருள் அசைந்திருக்கிறது. அசையாமலே இப்படி ஆனால் பொருளின் ஒழுங்கமைப்பைச் சந்தேகியுங்கள். சுற்றிலும் ஒரே பூவேலை திரும்பத் திரும்ப வரும் குடத்தில், எதிர்ப்பக்கப் பூவை இந்தப் பக்கப் பூ என்று மென்பொருள் நினைத்துக்கொள்ளும். கீழே விரிக்கும் தாளில் ஒவ்வொரு பக்கமும் வெவ்வேறு அச்சு இருக்கும்படி பார்த்துக்கொண்டால் தீரும்.

ஓட்டைகள் பெரும்பாலும் கைக்கடியில், தாடைக்குக் கீழே, குடைவுக்குள் விழும். ஓர் இடம் உறுதியாக உருவாகக் குறைந்தது மூன்று படங்களில் தெரியவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டையைப் பார்த்ததும் மென்பொருளில் அடைக்கப் போகாமல், அந்த இடத்தைத் தாழ்வான கோணத்திலிருந்து எட்டுப் பத்துப் படம் எடுத்துச் சேருங்கள்.

கல்வெட்டு, சுவர், தரை போன்ற தட்டையான பரப்புகளுக்கே உரிய நோய் ஒன்றுண்டு. நேராக இருக்கவேண்டிய பரப்பு நடுவில் உப்பியோ குழிந்தோ வரும். எல்லாப் படங்களையும் பரப்புக்கு நேரெதிரே நின்று இணையாக எடுத்தால், லென்ஸின் வளைவு எது, பரப்பின் வளைவு எது என்று கணக்கால் பிரிக்க முடியாமல் போவதே காரணம். 20, 30 பாகை சாய்த்து இருபுறமிருந்தும் சில வரிசைகள் எடுங்கள். சில படங்களைக் கேமராவை 90 பாகை திருப்பி எடுங்கள். உப்பல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அளவு கொடுத்தல்

படங்களிலிருந்து வடிவம் வரும், அளவு வராது. பொம்மையா மலையா என்று மென்பொருளுக்குத் தெரியாது. எனவே படமெடுக்கும்போதே பொருளுக்குப் பக்கத்தில் தூரம் தெரிந்த இரண்டு குறிகள் இருக்கவேண்டும். நீளமான தூரமே நல்லது: குறியை வைப்பதில் 1 மி.மீ. பிசகினால் 50 மி.மீ. கோட்டில் அது 2 சதவீதப் பிழை, 200 மி.மீ. கோட்டில் அரை சதவீதம். முடிந்தால் இரண்டு கோடுகள் வையுங்கள். ஒன்றால் அளவு கொடுத்து, மற்றதால் சரிபார்க்கலாம்.

பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் மாதிரியைத் திறந்து, அளவுக் கருவியால் குறிகளுக்கிடையே அளங்கள். உண்மைத் தூரம் 200 மி.மீ., மாதிரியில் 1.37 அலகு என்றால், 200-ஐ 1.37-ஆல் வகுக்க 146 வரும். ‘எஸ்’ விசை, 146, என்டர். பிறகு கன்ட்ரோல்-ஏ அழுத்தி ஸ்கேலை நிலைநிறுத்துங்கள். இப்போது ஒரு அலகு ஒரு மில்லிமீட்டர். அச்சுக்குக் கொடுக்கும் எஸ்டிஎல் கோப்பில் அலகே கிடையாது. அச்சு மென்பொருள்கள் பொதுவாக மில்லிமீட்டர் என்றே எடுத்துக்கொள்ளும் என்பதால் இது பொருந்திவிடும்.

துப்புரவும் அச்சும்

மெஷ்ரூமிலிருந்து வரும் மெஷ் பல லட்சம் முகங்களோடு, விரிப்பையும் மேசையையும் சேர்த்துக்கொண்டு வரும். எடிட் முறையில் ‘எல்’ விசையால் தனித்தனித் துண்டுகளைப் பிடித்து அழியுங்கள். ‘பைசெக்ட்’ கருவியால் அடியை நேராக வெட்டி மூடுங்கள். இணையத்தில் காட்டுவதற்கு ‘டெசிமேட்’ மாடிஃபையரால் ஒரு லட்சம் முகங்களுக்குக் குறையுங்கள். இங்கே ஒரு வரிசை முக்கியம்: குறைத்த மெஷ்ஷை மீண்டும் மெஷ்ரூமுக்கு அனுப்பி டெக்ஸ்சர் போட நினைத்தால், அதுவரை அதை நகர்த்தவோ திருப்பவோ அளவு மாற்றவோ கூடாது. கேமராக்கள் பழைய இடத்தில் நிற்க, பொருள் மட்டும் நகர்ந்தால் நிறம் எல்லாம் தப்பான இடத்தில் விழும். டெக்ஸ்சர் முடிந்த பிறகு அளவு கொடுங்கள்.

நிறத்தோடு பகிர ஜிஎல்பி வகைக் கோப்பு. ஒரே கோப்பில் எல்லாம் அடங்கும். ஓபிஜே வகை என்றால் கூடவரும் எம்டிஎல் (நிறத் தகவல் கோப்பு), படக்கோப்பு இரண்டையும் சேர்த்து அனுப்ப மறக்கக்கூடாது. அச்சுக்கு எஸ்டிஎல், அதில் நிறம் இருக்காது. அச்சிடும்முன் மெஷ் ஓட்டையில்லாமல் முழுதாக மூடியிருக்கவேண்டும். பிளெண்டரின் ‘3டி பிரின்ட் டூல்பாக்ஸ்’ சோதித்துச் சொல்லும். உள்ளே குடைந்தால் சுவர் 2 மி.மீ. இருக்கட்டும். 0.4 மி.மீ. நாசில் (முனைத்துளை) உள்ள இழை அச்சுப்பொறியில் 0.1 மி.மீ. கீறல்கள் மறைந்துபோகும், அவை வேண்டுமென்றால் ரெசின் அச்சுக்குப் போகவேண்டும்.

ஒரே ஒரு படம்தான் இருந்தால்

பழைய குடும்பப் படம், மறைந்தவரின் படம் போன்றவற்றுக்குச் சுற்றிவந்து எடுக்க வழியில்லை. ‘மைடாஸ்’, ‘டெப்த் எனிதிங்’ போன்ற செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் ஒரே படத்திலிருந்து ஆழத்தை ஊகித்துக் கறுப்புவெள்ளைப் படமாகத் தரும். அது ஊகம்தான், அளவீடு கிடையாது. முதுகுப்பக்கமும் வராது, கிடைப்பது புடைப்புச் சிற்பம் போன்ற ஒன்று. பிளெண்டரில் படத்தின் விகிதத்தில் ஒரு தளம் வைத்து, நன்றாகப் பிரித்து, ‘டிஸ்பிளேஸ்’ மாடிஃபையரில் ஆழப்படத்தைக் கொடுத்தால் முகம் மேலெழும். ஆழப்படத்தை 16 பிட்டில் சேமியுங்கள். 8 பிட்டில் மொத்தமே 256 படிகள்; கன்னம் படிக்கட்டாக வந்து நிற்கும். அதன் கலர் ஸ்பேஸை ‘நான்-கலர்’ என்று மாற்றவும் வேண்டும், இல்லையென்றால் ஆழம் கோணிப்போகும். தலைக்கும் பின்னணிக்கும் நடுவே பரப்பு ரப்பர்போல இழுபடுவதைத் தவிர்க்க, ஆளையும் பின்னணியையும் இரண்டு தளங்களாகப் பிரித்து, பின்னணியில் ஆள் இருந்த இடத்தை நிரப்பிவிடுங்கள்.

இரண்டு படம் இருந்தால் கண்ணுக்கு ஆழம் காட்டலாம். பிரிட்டிஷ் விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டோன் 1838-இல் விளக்கிய ஸ்டீரியோ தத்துவம்தான்: ஒரு படம் எடுத்து, கேமராவைத் திருப்பாமல் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொன்று. நகர்த்தும் தூரம், மிக அருகிலுள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு. 2 மீட்டரில் ஆள் நின்றால் சுமார் 6.7 செ.மீ. சிவப்பு-சயான் கண்ணாடிக்கு, இடப்படத்தின் சிவப்பு சேனலையும் வலப்படத்தின் பச்சை, நீல சேனல்களையும் ஒரே படத்தில் சேர்க்கவேண்டும். சேர்க்கும் முன் மேலும் கீழுமான விலகலைத் திருத்துங்கள். பக்கவாட்டு விலகலைக் கண் ஆழமாக ஏற்றுக்கொள்ளும், மேல்கீழ் விலகல் கொஞ்சம் இருந்தாலும் தலைவலிதான். கண்ணாடி போட்டும் மூக்கு உள்ளே குழிந்து தெரிந்தால் இடமும் வலமும் மாறியிருக்கிறது; சேனல்களை மாற்றிப் போடுங்கள்.